நீங்கள் எந்தப் பக்கம், அங்கே எப்படி வந்தீர்கள்?

பதிவைத் தொடங்கியவர்:

இருபது வருடமாக எனக்கும் அப்பாவுக்கும் அரசியலில் ஒத்துப்போனதே இல்லை. நான் இடதுசாரி. அப்பா தனக்கு எந்தப் பெயரும் வைத்துக்கொள்ள மாட்டார், ஆனால் அரசாங்கம் கை வைத்த எதுவும் உருப்படாது என்பதில் உறுதியானவர். போன மாதம் இரண்டு பேரும் உட்கார்ந்து ‘பொலிட்டிக்கல் காம்பஸ்’ தேர்வைச் செய்து பார்த்தோம். 2001 முதல் இணையத்தில் இருக்கிற தேர்வு. மொத்தம் 62 கூற்றுகள். முழுதாக ஏற்கிறேன், ஏற்கிறேன், மறுக்கிறேன், முழுதாக மறுக்கிறேன் என்று நான்கே பதில்கள். நடுவில் நழுவ வழி கிடையாது. பொருளாதாரத்துக்கு இடமிருந்து வலமாக ஒரு கோடு, அதிகாரத்துக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் மேலிருந்து கீழாக இன்னொரு கோடு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னால் அந்தக் கட்டத்துக்குள் நமக்கு ஒரு புள்ளி விழும்.

நான் வாசிப்பேன், அப்பா சொல்வதை நோட்டில் குறித்துக்கொள்வேன், பக்கத்தில் என்னுடையதையும் எழுதுவேன். வேகமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அரசின் பொறுப்பைப் பற்றிய ஒரு கூற்று வந்ததும் அப்பா நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

“இதுல அரசாங்கம்னா யாரு?”

“பொதுவாத்தான் கேக்கறாங்கப்பா.”

“பொதுவான்னு ஒருத்தர் கிடையாது. வாசல்ல வந்து நிக்கிறது யாருன்னு சொல்லு, அப்புறம் பதில் சொல்றேன்.”

நான் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பாவின் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். ஏதோ ஒரு உரிமத்தைப் புதுப்பிப்பதில் தாமதம். திரும்பத் திறக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் வேலைக்கு இருந்த இரண்டு பேரும் வேறு இடம் போய்விட்டார்கள். எனக்குத் தெரிந்த அரசாங்கம் வேறு. ஒன்பது வயதில் கால் எலும்பில் சீழ் பிடித்துப் பொது மருத்துவமனையில் 52 நாள் கிடந்தேன். எங்களிடம் யாரும் பணம் கேட்கவில்லை. இரவு நர்ஸ் ஒருவர் ரவுண்டு வரும்போதெல்லாம் என் காலுக்கடியில் சரிந்துபோன தலையணையை எடுத்து, தட்டி, திரும்ப வைப்பார். நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டு ஓசை வராமல் வைப்பார்.

படித்து, யோசித்துத்தான் இந்தப் பக்கம் வந்தேன் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். படித்தது உண்மை. ஆனால் எந்தப் புத்தகத்தைக் கையில் எடுப்பது என்பதை அந்த வார்டு முன்பே முடிவு செய்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

45 கூற்றோடு அப்பா எழுந்துவிட்டார். உங்களுக்கு எப்படி? வாதம் வேண்டாம், எந்த நாள், எந்த ஆள் என்று நடந்ததைச் சொல்லுங்கள்.

*

தொழிற்சாலையில் வேலை செய்பவர்:

இடது, வலது என்கிற பேச்சே ஒரு அவையில் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து வந்தது. 1789-இல் பிரான்ஸின் தேசிய சபையில், அரசருக்குச் சட்டத்தைத் தடுக்கும் வீட்டோ அதிகாரம் வேண்டும் என்றவர்கள் தலைவருக்கு வலப்பக்கம், வேண்டாம் என்றவர்கள் இடப்பக்கம். அவர்களுக்கு முன்னால் ஒரு பெரிய கேள்வி இருந்தது, பக்கம் பிரிய முடிந்தது. எனக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை.

எங்கள் ஷாப்பில் பிரஸ் மெஷினில் ஒரு நண்பனின் மூன்று விரல் போனது. நான் அடுத்த மெஷினில் இருந்தேன். மெஷின் நின்ற பிறகும் அவன் கையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நிர்வாகம் ‘கவனக்குறைவு’ என்று எழுதியது. தடுப்புக் கம்பி போடச் சொல்லி அதற்கு முன்பே இரண்டு முறை கடிதம் கொடுத்திருந்தோம். அந்த நகல்களை வைத்துத்தான் சங்கம் போராடி இழப்பீடு வாங்கியது, எல்லா மெஷினுக்கும் கம்பி போட வைத்தது. அன்றிலிருந்து கூலி, வேலை நேரம், பாதுகாப்பு என்று வந்தால் நான் இடதுதான். யார் சொன்னாலும் மாறாது.

ஆனால் அவன் மருத்துவமனையில் இருந்த நாட்களில் முறை போட்டு இரவு கண்விழித்தது யார் தெரியுமா? அவனுடைய பிரார்த்தனைக் குழுவினர். அவன் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வந்தார்கள். சங்கத்தால் அது முடியவில்லை, எங்களுக்கு ஷிஃப்ட் இருந்தது. குடும்பம், நம்பிக்கை, பெரியவர்கள் சொல் இதெல்லாம் பிற்போக்கு என்று கூட்டத்தில் ஒரு தம்பி பேசியபோது எனக்குத் தாங்கவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். அடுத்த பக்கத்துக்காரர்கள் என் குடும்பப் பற்றை மெச்சுவார்கள், சங்கம் என்றால் முகம் சுளிப்பார்கள். ஒரே விபத்து என்னை இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டது.

*

கடையில் கணக்கு எழுதுபவர்:

எனக்கு அப்படி ஒரு நாளும் இல்லை, ஆளும் இல்லை. வீட்டில் எல்லாரும் ஒரு கட்சி, நானும் அதே கட்சி. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. இதைப் படித்த பிறகு கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

*

உளவியல் படித்தவர்:

மேலே எழுதியவர் சங்கடப்பட வேண்டாம், பெரும்பாலோர் கதை அதுதான். அமெரிக்காவில் 1965-இல் பள்ளி இறுதி வகுப்பு மாணவர்களையும் அவர்களின் பெற்றோரையும் பேட்டி கண்டு ஜென்னிங்ஸ், நீமி என்ற இருவர் ஆராய்ந்தார்கள். கட்சிப் பற்று பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நன்றாகவே இறங்கியிருந்தது. தனித்தனிப் பிரச்சினைகளில் கருத்து அந்த அளவுக்கு இறங்கவில்லை. அதற்கு ஒரு வருடம் முன்னால் அமெரிக்க அரசியல் ஆய்வாளர் பிலிப் கான்வர்ஸ் எழுதிய கட்டுரை இன்னும் கடுமையானது: இடது, வலது என்று கோர்வையாகக் கருத்து வைத்திருப்பவர்கள் மக்களில் மிகச் சிலரே என்றார்.

தொழிற்சாலை அண்ணனுக்கு ஒன்று. ஒரே கோடு போதாது என்று 1954-லேயே உளவியலாளர் ஐசென்க் இரண்டு அச்சு வரைந்தார், 1969-இல் அமெரிக்க அரசியல் செயற்பாட்டாளர் டேவிட் நோலன் வேறு விதமாக வரைந்தார். உங்களைப் போன்றவர்கள் கோட்டில் அடங்காமல் போனது உங்கள் குழப்பம் அல்ல, கோட்டின் குறை.

பிறவிக் குணத்துக்கும் பங்கு உண்டு. புதுமையை நாடும் இயல்பு அதிகமுள்ளவர்கள் சராசரியாகத் தாராளவாதப் பக்கமும், ஒழுங்கும் கடமையுணர்வும் அதிகமுள்ளவர்கள் பழமைவாதப் பக்கமும் சாய்கிறார்கள். ஆனால் இது லேசான சாய்வுதான். இதை வைத்து எதிரே இருப்பவரை எடை போடுவது அநியாயம், அப்படிச் செய்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை.

என் அனுபவம் களப்பணியில் நடந்தது. ஒரு வயதான அம்மாவிடம் ‘நலத்திட்டங்களை ஆதரிக்கிறீர்களா’ என்று கேட்டேன். சோம்பேறிகளை வளர்ப்பது என்று பட்டென்று சொன்னார். படிவத்தில் குறித்துவிட்டேன். கிளம்பும்போது, பக்கத்து வீட்டில் கணவரை இழந்த பெண்ணுக்கு உதவித்தொகை நின்றுபோனதைச் சொல்லி, எங்கே மனு கொடுக்க வேண்டும் என்று என்னையே விசாரித்தார். விவரத்தைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டார். படிவத்தில் அவர் பதில் ‘எதிர்ப்பு’ என்றே இருக்கிறது. எனக்கு அதை மாற்ற உரிமை இல்லை.

*

மாணவர் அமைப்பில் இருந்தவர்:

நான் இடம் மாறியவன். ஒரு தீவிர இடதுசாரி மாணவர் அமைப்பில் மூன்று வருடம் இருந்தேன். சமத்துவம் என்ற சொல்லுக்காக எதையும் செய்யத் தயாராக இருந்த வயது. ஒரு தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னார்கள். நான் தூக்கவில்லை, இன்னும் இரண்டு பேர் தூக்கவில்லை. தலைமை தாங்கியவர் எங்கள் மூன்று பேரையும் பார்த்தார். பார்த்துவிட்டு, “ஏகமனதாக நிறைவேறியது” என்று அறிவித்தார். அப்புறம் கேட்டதற்கு, இது பிளவு காட்டும் நேரமல்ல என்றார்கள்.

சொத்து ஒரே இடத்தில் குவியக்கூடாது என்பதில் இன்றும் நான் மாறவில்லை. ஆனால் மூன்று கைகளை எண்ண மறுப்பவரிடம் எந்த நல்ல லட்சியத்தையும் நம்பி ஒப்படைக்க மாட்டேன். விதி, நடைமுறை, நீதிமன்றம், எதிர்க்கட்சி இதெல்லாம் முன்பு எனக்குச் சலிப்பான சொற்கள். இப்போது அவற்றுக்காகத்தான் முதலில் சண்டை போடுவேன். பழைய நண்பர்கள் வலது பக்கம் போய்விட்டான் என்கிறார்கள். அது உண்மையில்லை, வருத்தமாகத்தான் இருக்கிறது.

*

பதிவைத் தொடங்கியவர்:

எல்லாவற்றையும் நேற்று இரவு அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மூன்று கை விஷயத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்புறம் நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். “அந்த நர்ஸம்மாவை எனக்கும் ஞாபகம் இருக்கு. நான் வராந்தாவுலதானே படுத்திருந்தேன். ஒரு தடவை போர்வை கொண்டுவந்து குடுத்தாங்க.” 52 நாளும் அப்பா அங்கே இருந்தது எனக்குத் தெரியும். அதை நான் கணக்கில் எடுத்ததே இல்லை.

பட்டறைக் கதையையும் முதல் முறையாக முழுதாகச் சொன்னார். பூட்டைத் துணியால் சுற்றி, முடிச்சின் மேல் அரக்கு ஊற்றி, முத்திரை வைத்தார்களாம். உள்ளே லேத்தில் பாதி கடைந்த ஒரு ஷாஃப்ட் மாட்டியபடியே இருந்ததாம். நான்கு மாதம் கழித்துத் திறந்தபோது அதில் துரு ஏறியிருந்தது. கட்டைவிரலால் மேசை ஓரத்தைத் தேய்த்துக் காட்டினார், துரு எப்படி உதிர்ந்தது என்று.

நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். நின்றுபோன அந்தக் கூற்றுக்கு இன்னும் பதில் இல்லை, அதோடு 17 பாக்கி. ஞாயிற்றுக்கிழமை உட்காரலாம் என்று அப்பாவே சொன்னார்.