மறுமொழி: 'லோகோஸ்' – வார்த்தையா, வாக்கா, சொல்லா?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையை ஓரமாக உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். யோவான் நற்செய்தி கிறிஸ்துவைக் குறிக்க ஆளும் கிரேக்கச் சொல் 'லோகோஸ்', அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் கேள்வி. நாம் தொகுக்கும் சமயவியல் கலைச்சொல் பட்டியலில் அதன் எதிரே இன்னும் கேள்விக்குறிதான் இருக்கிறது, அதற்குள் எட்டுப் பரிந்துரைகள் வந்துவிட்டன. நானும் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தக் கேள்வி:

> பைபிளிலேயே 'வார்த்தை' என்று இருக்கும்போது புதிதாக ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்?

நியாயமான கேள்வி. நானும் "ஆதியிலே வார்த்தை இருந்தது, அந்த வார்த்தை தேவனிடத்திலிருந்தது, அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று மனப்பாடம் செய்து வளர்ந்தவன்தான். ஆனால் அதே பழைய திருப்புதலை, அதாவது சபைகளில் நெடுநாளாகப் புழங்கும் பழைய தமிழ் பைபிளை எடுத்து, கிரேக்க மூலத்தில் 'லோகோஸ்' வருகிற இடங்களை மட்டும் ஒரு மாலை நேரம் தேடிப் பாருங்கள். யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் 'வார்த்தை'. மாற்கு 4:14-இல் விதைக்கிறவன் விதைப்பது 'வசனம்'. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது சிலுவையைப் பற்றிய 'உபதேசம்'. லூக்கா தன் முதல் நூலை 'முதலாம் பிரபந்தம்' என்கிறார், அதுவும் மூலத்தில் லோகோஸ்தான். இவற்றையெல்லாம் விட எனக்குப் பிடித்த இடம் எபிரெயர் 4-ஆம் அதிகாரம். 12-ஆம் வசனம் "தேவனுடைய வார்த்தையானது" என்று தொடங்குகிறது, 13-ஆம் வசனம் "அவருக்கு நாம் கணக்கு ஒப்புவிக்கவேண்டும்" என்று முடிகிறது. அந்த வார்த்தையும் லோகோஸ், இந்தக் கணக்கும் லோகோஸ். எழுதியவர் தெரிந்தேதான் தொடக்கத்திலும் முடிவிலும் அதே சொல்லை வைத்தாரோ என்னவோ, தமிழில் அந்த முடிச்சு அவிழ்ந்துபோகிறது. இதற்காக மொழிபெயர்த்தவர்களைக் குறை சொல்ல முடியாது. 'அவருக்கு நாம் வார்த்தை ஒப்புவிக்கவேண்டும்' என்றால் யாருக்கு என்ன புரியும்?

ஆக லோகோசின் முழு அகலத்தையும் மூடுகிற ஒற்றைத் தமிழ்ச்சொல் கிடையாது. பேச்சு, கணக்கு, காரணம், ஒழுங்கு, விளக்கம் எல்லாம் அதற்குள் இருக்கிறது. எபேசு நகரத்துத் தத்துவர் எராக்ளிட்டஸ் கி.மு. 500 வாக்கிலேயே அதை உலகம் இயங்கும் ஒழுங்கு என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். ஸ்டோயிக்கர்கள் என்ற கிரேக்கத் தத்துவப் பள்ளியினர் மனதுக்குள் இருக்கும் லோகோஸ், வாயிலிருந்து புறப்படும் லோகோஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். அலெக்சாந்திரியாவின் யூதத் தத்துவர் பிலோ அதே சொல்லைக் கொண்டுபோய் யூத வேதத்தின் கடவுளோடு சேர்த்தார். யோவான் இதில் எந்தக் கிளையைப் பிடித்துக்கொண்டு எழுதினார் என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. அவர் வாக்கியம் தொடங்கும் விதமே ஆதியாகமம் முதல் அதிகாரத்தைக் காதில் ஒலிக்க வைக்கிறது, கடவுள் சொல்கிறார், உண்டாகிறது. எபிரேயத்தில் 'தாபார்' என்றால் சொல்லும்தான், நடந்த காரியமும்தான். நமக்கு வேண்டியது சொல்லே செயலாகிற இந்தப் பக்கத்தைச் சரியாகப் பிடிக்கிற சொல். கணக்கு, காரணம் பக்கத்தை விளக்கக் குறிப்பில் வைத்துக்கொள்ளலாம்.

இப்போது 'வார்த்தை'க்கு வருகிறேன். இதன் மூலமான வடசொல்லுக்குச் செய்தி, நடப்பு என்று பொருள். அது கிடக்கட்டும், பிறந்த வீடு எதுவானாலும் புழங்குகிற வீடுதான் முக்கியம். இன்றைய புழக்கத்தில் வார்த்தை என்பது எண்ணக்கூடிய ஒரு சாமான். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே", "ஐந்நூறு வார்த்தைக்குள் எழுதித் தாருங்கள்". இதே சிக்கல் லத்தீனிலும் வந்தது. எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்தபோது யோவான் 1:1-க்குப் பழைய 'வெர்பும்' என்பதையே விட்டுவைத்தார், 1519-இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதை 'செர்மோ' என்று மாற்றினார். வெர்பும் தனிச்சொல், செர்மோ பேச்சு, உரை. லோகோஸ் ஒற்றைச் சொல்லைக் குறிப்பது அபூர்வம் என்பது அவர் வாதம். பழைய லத்தீன் திருச்சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் காலத்திலேயே செர்மோ என்று சொல்லியிருக்கிறார்களே என்று சான்றும் காட்டினார். இருந்தும் பெரிய ரகளையாகி, 1520-இல் அந்த ஒற்றைச் சொல்லுக்காகத் தனியாக ஒரு தற்காப்பு நூல் எழுத வேண்டியதாயிற்று. நம் இழையில் நான்கு நாள் சண்டை என்பது ஒன்றுமே இல்லை!

அடுத்து திணைச் சிக்கல். இதை எழுப்பியவருக்கு நன்றி, உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

> 'வார்த்தை இருந்தது' என்று அஃறிணையில் தொடங்கி, அடுத்த வரியிலேயே 'அவர் ஆதியிலே தேவனோடிருந்தார்' என்று தாவுவது இலக்கணப் பிழை.

கிரேக்கத்தில் லோகோஸ் ஆண்பால் பெயர், அதனால் அங்கே யாருக்கும் இடறவில்லை. லத்தீனிலும் ஜெர்மனிலும் அதன் இடத்தில் வந்த சொற்கள் அலிப்பால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாதது), பைபிளை ஜெர்மனில் பெயர்த்த லூத்தர் இரண்டாம் மூன்றாம் வசனங்களில் சுட்டுப்பெயரையும் அதற்கேற்பவே போட்டார். ஆங்கிலத்தில் டிண்டேல் 1526-இல் 'எல்லாம் அதனால் உண்டாயிற்று' என்று எழுத, 1611-இல் வந்த அரசர் ஜேம்ஸ் பதிப்பு அதை 'அவரால்' என்று ஆக்கியது. தமிழில் மட்டும் வினைமுற்றே திணையைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது, தப்பிக்க வழியில்லை. பழைய திருப்புதல் முதல் வசனத்தில் 'இருந்தது' போட்டுவிட்டு இரண்டாவதில் 'அவர்' என்று சட்டென்று தாவுகிறது. 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய மொழிபெயர்ப்பு அந்தத் தாவலுக்கு ஒரு படி கட்டியது: "வாக்கு என்னும் அவரே தொடக்கத்தில் கடவுளோடு இருந்தார்." அந்த 'என்னும்' பெரிய வேலை செய்கிறது.

ஆனால் பிழையா என்றால், இல்லை. தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் "விருந்தே குழுவே பெண்மை அரசே மகவே குழவி" என்று ஒரு பட்டியல் போகிறது. பொருளால் உயர்திணை, ஆனால் அஃறிணை முடிபு கொள்ளும் பெயர்கள். அரசு வந்தது, குழவி அழுதது. வீட்டில் நாமே சொல்கிறோம்: "விருந்து வந்திருக்கு, அவருக்கு ஒரு காப்பி கொடு." இதில் யாராவது பிழை கண்டோமா? யோவான் முதல் அதிகாரம் தமிழில் செய்வதும் இதுதான். சொல் அஃறிணையாக வாசலில் நிற்கிறது, உள்ளே வந்ததும் 'அவர்' ஆகிவிடுகிறது.

போகிற போக்கில் ஒன்று. 'தேவனிடத்திலிருந்தது' என்பதை ஆலயத்தில் யாராவது வேகமாக வாசிக்கும்போது கேட்டுப் பாருங்கள், தேவனிடத்தில் இருந்ததா, தேவனிடத்திலிருந்து வந்ததா என்று ஒரு கணம் தடுமாறும். சிறுவயதில் நான் இரண்டாவதாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன். 'கடவுளோடு இருந்தது' என்பதில் இந்தக் குழப்பம் இல்லை.

மற்ற பரிந்துரைகள். 'நிறைமொழி' என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் அரைநாள் மயங்கித்தான் போனேன். "நிறைமொழி மாந்தர் பெருமை நிலத்து மறைமொழி காட்டி விடும்" என்ற குறளுக்குப் பரிமேலழகர், அருளிச் சொன்னாலும் வெகுண்டு சொன்னாலும் அதனதன் பயனைத் தந்தே தீரும் மொழி என்ற பொருளில் உரை சொல்கிறார். தாபாருக்கு இதைவிட நெருக்கமான விளக்கம் கிடைப்பது கடினம். ஆனால் அங்கே நிறைமொழி முனிவர்களுடையது, அதோடு 'தொடக்கத்தில் நிறைமொழி இருந்தது' என்று எழுதினால் வாசிக்கிறவர் அகராதியைத் தேடுவார். வெறும் 'மொழி' என்று சுருக்கினால் மொழியியல் பாடநூல் ஆகிவிடும்.

'நாதம்' (ஆதி ஒலி) வேண்டாம் என்பது என் கருத்து. சீன பைபிளின் 1919 பதிப்பில் 'தொடக்கத்தில் தாவோ (வழி) இருந்தது' என்று சீனத் தத்துவச் சொல்லையே எடுத்துக்கொண்டார்களே, நாமும் செய்தால் என்ன என்று கேட்டீர்கள். ஆசை நல்லதுதான். ஆனால் சைவ சித்தாந்தத்தில் நாதம் சுத்தமாயை என்ற மூலப்பொருளிலிருந்து தோன்றுவது, சடம், அதாவது அறிவற்ற பொருள். அதை எடுத்து 'கடவுளாய் இருந்தது' என்றால் சைவரும் ஒப்பமாட்டார், கிறிஸ்தவரும் ஒப்பமாட்டார். ஒரே கல்லில் இரண்டு வீட்டுக் கண்ணாடியும் உடையும். 'சொல்' எனக்குப் பிடித்த சொல், ஏவல் வினையும் பெயரும் ஒரே உருவம், சொல்லுதலும் சொல்லப்பட்டதும் பிரியாமல் நிற்கிறது. என்ன பிரச்சினை என்றால், தமிழில் சொல்லுக்கு எதிரே எப்போதும் செயல் நிற்கிறது. "வினைவேறு சொல்வேறு பட்டார்" என்று வள்ளுவரே பிரித்து வைத்துவிட்டார். "சும்மா சொல்லாதே, செய்துகாட்டு" என்பதுதான் நம் வாய்ப்பழக்கம்.

மிச்சம் இருப்பது 'வாக்கு'.

என் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆண்டின் கடைசி இரவு ஆராதனை முடிந்து ஆலயத்தில் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையை (புத்தாண்டுக்கான பைபிள் வசனம் எழுதியது) என்னிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுவாள், பிறகு அதை அரிசிப்பானைக்கு மேலே சுவரில் சொருகி வைப்பாள். அடுத்த டிசம்பர் வரை அது அங்கேயே புகை பிடித்துக் கிடக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு கிழவி இருந்தாள், அவள் எதிரே நாங்கள் சேட்டை செய்தால் பாட்டி பதறிவிடுவாள். "ஏலே, அவ வாக்கு பலிச்சிரும்." வார்த்தை பலிக்கும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. யாரும் சொல்வதில்லை. வார்த்தை தடிக்கும், வார்த்தை வளரும், வார்த்தையை விட்டுவிட்டு அள்ள முடியாது. ஆனால் பலிப்பது வாக்கு. வாக்கைக் கொடுக்கிறோம், காப்பாற்றுகிறோம், வாக்கு பொய்க்காது. ஏசாயா 55:11-இல் கடவுளின் வாயிலிருந்து புறப்பட்டது வெறுமையாய்த் திரும்பாது என்று இருக்கிறதே, அந்த வசனத்தை என் பாட்டி ஒரே சொல்லில் வைத்திருந்தாள். எண்ணவும் முடியாது பாருங்கள், 'நூறு வாக்கில் கட்டுரை' என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரம் வாக்கு என்றால் அது தேர்தல் கணக்கு.

சரி, அந்தத் தேர்தல்தான் முதல் ஆட்சேபம். தொடக்கத்தில் வாக்கு இருந்தது, பிறகு எண்ணினார்களா என்ற கேலியை நானும் கேட்டிருக்கிறேன். 'ஆவி' என்றால் இட்லிப் பானையிலிருந்து வருவதும்தான், அதற்காகத் திருச்சபை அந்தச் சொல்லை விட்டுவிடவில்லை. இரண்டாவது ஆட்சேபம் கனமானது. கத்தோலிக்க வழக்கில் தீர்க்கதரிசியை 'இறைவாக்கினர்' என்கிறோம், வாசகம் முடிந்ததும் 'ஆண்டவரின் அருள்வாக்கு' என்கிறோம். லோகோசுக்கு 'இறைவாக்கு' என்று வைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதும். அதனால்தான் முன்னொட்டு எதுவும் ஒட்டாமல் வெறும் 'வாக்கு' என்றே வைக்கச் சொல்கிறேன். மூன்றாவது, சித்தாந்தத்தில் வாக்கும் சூக்குமை, பைசந்தி, மத்திமை (மனதுக்குள் உருவாகும் பேச்சு), வைகரி (வாயிலிருந்து வெளிவரும் பேச்சு) என்று நான்காகி மாயையின் விளைவுகளுக்குள்தானே வருகிறது, நாதத்தை மட்டும் ஏன் தள்ளுகிறாய் என்பது. வரும்தான். ஆனால் நாதம் சாத்திரத்துக்குள்ளேயே வாழ்கிற சொல், வாக்கு அரிசிப்பானை வரை வந்துவிட்ட சொல். ஒரு கொசுறு லாபமும் உண்டு. ஸ்டோயிக்கர்களின் உள் லோகோஸ், புற லோகோஸ் இரண்டையும் இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கியா ஆயர் தெயோப்பிலு கிறிஸ்துவைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டார். அவற்றை விளக்க மத்திமை, வைகரியை ஒப்புமையாகக் காட்டலாம், சமம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கடைசியாக, கிறிஸ்துவின் பெயராக வரும்போது என்ன செய்வது? வெளிப்படுத்தின விசேஷம் 19:13-இல் "அவருடைய நாமம் தேவனுடைய வார்த்தை என்பதே" என்று அது பெயராகவே இருக்கிறது. இதற்கு நம் சபைகள் ஏற்கெனவே வழி கண்டுபிடித்துவிட்டன. ஆவிக்கு 'ஆவியானவர்', பிரசங்கங்களில் 'வார்த்தையானவர்'. இந்த 'ஆனவர்' எந்தக் கலைச்சொல் குழுவும் உட்கார்ந்து செய்ததில்லை, திணைச் சிக்கலை ஜனங்களே தீர்த்துக்கொண்டது. அதையே வைத்து 'வாக்கானவர்' என்னலாம்.

ஆகவே என் பரிந்துரை இப்படி: தத்துவ வரலாற்றில் வரும்போது 'லோகோஸ்' என்று ஒலிபெயர்த்து, பக்கத்தில் ஒழுங்கு, காரணம் என்று குறிப்பு. யோவான் எழுத்துகளின் கருத்தாக வரும்போது 'வாக்கு'. ஆளைக் குறிக்கும்போது 'வாக்கானவர்'. லோகோசை மையமாக வைத்துக் கிறிஸ்து யார் என்று பேசும் கொள்கைக்கு 'வாக்குக் கிறிஸ்தியல்'. 'வார்த்தை'யை மாற்று வடிவமாகப் பட்டியலில் கட்டாயம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் என் ஊர்க்காரர்கள் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

கடைசிக் கூட்டுச்சொல்லில் ஒற்று மிகும் என்றுதான் நினைக்கிறேன், வாக்குச்சாவடிக்கு 'ச்' போடுகிறோமே. வன்றொடர்க் குற்றியலுகரம். ஆனால் பின்னால் வருவது அயற்பெயர், அதனால் இயல்பாக விடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு மறுப்பில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள் ஒரு வரி எழுதினால் பட்டியலில் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்