ஓசைப் பாட்டு பாடினால் வாசிக்க வந்துவிடுமா?

ஒண்ணாப்பு டீச்சர்: அரசுப் பள்ளிகளில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த 2022இலிருந்து எங்கள் வகுப்பில் பாட்டும் ஆட்டமும்தான். இந்த வாரம் ‘ட்டு’ குடும்பம். பாட்டு நான் கட்டியது:

தட்டு நிறைய லட்டு
எண்ணிப் பார்த்தா எட்டு
பூனை வந்து முட்டி
மிச்சம் வெறும் தட்டு

தட்டு, லட்டு, எட்டு எல்லாம் சரளமாக வாசிக்கிறார்கள். முதல் எழுத்து மட்டும்தானே மாறுகிறது!

கோவைக்காரன்: வாசிக்கிறார்களா, பாடுகிறார்களா டீச்சர்? என் மகளும் இப்படித்தான். வாய் ‘எட்டு’க்குப் போய்விட்டது, விரல் இன்னும் ‘நிறைய’வில் நிற்கிறது. இது ஆங்கிலத்துக்கான வழி. cat, car, cake மூன்றிலும் எழுத்து ‘a’தான், ஓசை மூன்று. அதனால் cat, bat, rat என்று கொத்தாகப் பழக்குகிறார்கள். தமிழுக்கு எழுத்துக்கூட்டினாலே போதுமே!

ஒண்ணாப்பு டீச்சர்: போதுமா சார்? கல், பகல், தங்கம்: மூன்று ‘க’வையும் ஒரே மாதிரியா சொல்கிறீர்கள்? ‘ங்’குக்குப் பின்னால் வரும் ‘க’ எப்படி ஒலிக்கும் என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு விதி சொல்ல முடியாது. தங்கம், சிங்கம், சங்கம் என்று பாடவிட்டால் தானாக நாக்கில் உட்கார்ந்துவிடும். பாம்பு, கம்பு, வம்புக்கும் அதே கதைதான்.

பழைய வாத்தியார்: அந்த ‘க’ விஷயத்தில் அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் தமிழில் பிள்ளைகள் தடுக்கிவிழுவது பெரும்பாலும் கொம்பிலும் சுழியிலும்தான். தட்டு, தட்டி, தொட்டி, தோட்டி என்று அதையும் மாற்றி மாற்றிக் கொடுக்கணும். கடைசி எழுத்து மாறாத பாட்டில் அதைக் கவனிக்க வேண்டிய அவசியமே வராது.

கோவைக்காரன்: அதைத்தான் சொல்கிறேன் ஐயா. டீச்சர், உங்கள் மூன்றாவது வரியில் ‘முட்டி’. எத்தனை பிள்ளைகள் ‘முட்டு’ என்று வாசித்தார்கள்?

ஒண்ணாப்பு டீச்சர்: பாதி வகுப்பு! அதற்காகவே வைத்த வரி அது. ‘முட்டு’ என்றவனைக் கூப்பிட்டு, கரும்பலகையில் விரல் வைக்கச் சொன்னேன். மேல் சுழியைத் தடவிப் பார்த்துவிட்டு, “டி... முட்டி!” என்று கத்தினான். வெறும் அட்டையில் எழுதிக் கொடுத்திருந்தால் இந்தக் குஷி வருமா?

கோவைக்காரன்: குஷி சரி. நாளைக்குப் பாட்டில் இல்லாத ‘வெட்டு’, ‘பெட்டி’ இரண்டையும் தனியாக எழுதிக் காட்டுங்கள். பாட்டை முணுமுணுக்காமல் வாசிக்கட்டும், அப்புறம் பேசலாம்.

பழைய வாத்தியார்: ‘கொட்டி’யும் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா. இரண்டு பக்கமும் குறி வரும்போதுதான் முழிப்பார்கள்.