செக், ஸ்லோவாக் இசைக்கு ரசிகர் வட்டம்: த்வோர்ஷாக்கைத் தாண்டி ஆட்களை வரவைப்பது எப்படி?

வெண்கலச்செவி:
இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ஊரில் செக், ஸ்லோவாக் இசைக்கென்று ஒரு சின்ன ரசிகர் வட்டம் இருக்கிறது. முப்பது பேர் இருப்போம். மாதம் ஒரு கூட்டம், வாடகை ஹால், ஒருத்தர் பேசுவார், நடுநடுவே இசைத்தட்டு, அப்புறம் டீ. போன வருஷம் செயலாளர் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். செக் இசையமைப்பாளர் த்வோர்ஷாக்கின் ‘நியூ வேர்ல்ட்’ சிம்பொனி என்று போஸ்டர் ஒட்டினால் ஹால் நிறைகிறது, இன்னொரு செக் இசையமைப்பாளர் யானாச்செக் என்றால் பாதி, ஸ்லோவாக் இசை என்று போட்டால் நானும் பேச வந்தவரும் டீ போடுகிற அம்மாவும்தான். வருகிறவர்களிலும் அறுபதுக்குக் கீழே ஆளே இல்லை. இப்படி ஏதாவது நடத்திய அனுபவம் யாருக்காவது இருக்கிறதா?

நாலாம்தந்தி:
முதலில் பேச்சைக் குறையுங்கள். பிறந்தார், ப்ராகில் படித்தார் என்று நாற்பது நிமிஷம் ஓட்டினால் எனக்கே தூக்கம் வரும். செக் இசையமைப்பாளர் ஸ்மெதனாவின் முதல் ஸ்ட்ரிங் குவார்ட்டெட்டை (நாலு தந்தி வாத்தியங்களுக்கான இசை, 1876) எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் குதித்துக்கொண்டு போகிற ஆட்டம் சட்டென்று நிற்கும், கீழே மற்ற வாத்தியங்கள் நடுங்க, மேலே முதல் வயலின் ஒரே ஒரு உச்சஸ்தாயி ஈ ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். 1874-ல் அவருக்குக் காது போவதற்கு முன்னால் உள்ளே கேட்ட இரைச்சல்தான் அது, அவரே சொன்னது. ஒரு அமெச்சூர் குழுவில் இரண்டாம் வயலினாக இதை வாசித்திருக்கிறேன், அந்த இடத்தில் வில் நடுங்குவது எழுதியிருப்பதாலா பயத்தாலா என்று எனக்கே தெரியவில்லை. எதுவும் சொல்லாமல் முதலில் இதை மட்டும் போடுங்கள், கதையை அப்புறம் சொல்லலாம். எல்லோருக்கும் தெரிந்த அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா இசை ‘வ்ல்தாவா’வும் அதே 1874 கடைசியில், ஒரு சத்தமும் கேட்காத நிலையில் எழுதியது என்று சொல்லிப் பாருங்கள், ஹாலே நிமிர்ந்து உட்காரும்.

ப்ர்னோக்காரன்:
யானாச்செக்குக்குக் கூட்டம் வராததற்குக் காரணம் மொழி. ‘வா’ என்ற ஒரு சொல்லையே நாம் கோபத்தில் ஒரு மாதிரியும் கொஞ்சலில் ஒரு மாதிரியும் சொல்கிறோம் இல்லையா, அந்த ஏற்ற இறக்கத்தைத்தான் அந்த மனுஷன் தெருவிலும் சந்தையிலும் கேட்டுக் கேட்டு ஸ்வரமாக நோட்டில் குறித்து வைத்தார். 1903-ல் மகள் ஓல்கா சாகக் கிடந்தபோது அவளுடைய முனகலைக்கூடக் குறித்திருக்கிறார், எனக்கு இன்றும் ஜீரணிக்க முடியாத விஷயம் அது. ‘யெனூஃபா’ ஓபராவை அவள் நினைவுக்குத்தான் அர்ப்பணித்தார். 1904-ல் ப்ர்னோவில் அரங்கேறியது, ப்ராக் ஏறிட்டுப் பார்க்க 1916 ஆனது. செக் பேசத் தெரிந்த யாரையாவது அழைத்து நாலு வரியை வெறுமனே பேசச் சொல்லுங்கள், உடனே அதே வரியைப் பாட்டில் போடுங்கள். அவர்களுக்கு நீங்கள் விளக்கவே வேண்டியிருக்காது.

ஊதுகுழல்:
ஸ்லோவாக் இசைக்குச் சுலபமான வழி இசையமைப்பாளர் ஹும்மெல். 1778-ல் பிரஸ்பர்கில், அதாவது இன்றைய பிரட்டிஸ்லாவாவில் பிறந்தவர். ட்ரம்பெட் கற்கிற பிள்ளைகள் எல்லோரும் அவருடைய ட்ரம்பெட் கான்செர்ட்டோவோடு (ஆர்க்கெஸ்ட்ராவோடு தனி ட்ரம்பெட் வாசிக்கும் இசை) மல்லுக்கட்டுகிறவர்கள்தான். ஒரு மாணவனை வாசிக்க வையுங்கள், அவன் நண்பர்கள் பத்துப் பேர் வருவார்கள்.

நாலாம்தந்தி:
@ஊதுகுழல் ஆள் சேர்க்க நல்ல யோசனைதான், ஆனால் ஹும்மெல் ஜெர்மன் பேசியவர், மோட்ஸார்ட் வீட்டிலேயே தங்கிப் படித்த வியன்னா ஆள். பிறந்த ஊரை வைத்து ஸ்லோவாக் கணக்கில் எழுதினால் ஏமாற்றுகிற மாதிரி இருக்கிறது. ஸ்லோவாக் இசையமைப்பாளர் சுஹோனின் ‘க்ரூட்ன்யாவா’ ஓபரா (பிரட்டிஸ்லாவா, 1949) இருக்கும்போது அந்தக் குறுக்குவழி எதற்கு? காட்டில் ஒருத்தனைக் கொன்றவனே செத்தவனின் காதலியைக் கட்டிக்கொள்கிறான், அந்தக் கல்யாணக் காட்சியில் நாட்டுப்புற ஆட்டம் பிய்த்துக்கொண்டு போகும். அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சியின் நெருக்கடியில் அரங்கேறிய பிறகு மாற்றி எழுத வேண்டியும் வந்தது. அந்தக் கல்யாணத்தை மட்டும் பதினைந்து நிமிஷம் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: ஹாலில் பொதுவில் இசைத்தட்டு போடவும் லைசென்ஸ் வேண்டும், ஹால்காரர்களிடம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். நேரடியாக வாசிப்பதென்றால் ஸ்மெதனா, த்வோர்ஷாக், யானாச்செக், சுக் எல்லோருக்கும் காப்புரிமை முடிந்துவிட்டது. மார்ட்டினு 1959-ல் போனவர், 2029 முடியும்வரை இருக்கிறது. சுஹோன் போனது 1993-ல், அவருடைய காப்புரிமை நம் காலத்தில் முடியாது.

வெண்கலச்செவி:
ஹும்மெலை வைத்துக் கமிட்டியிலும் இதே சண்டைதான் வரப்போகிறது. சரி, அடுத்த கூட்டத்தில் அந்த ஈ ஸ்வரம், அதற்கடுத்து க்ரூட்ன்யாவா கல்யாணம். போஸ்டரில் ‘ஸ்லோவாக் இசை’ என்று போடாமல் ‘கொலைகாரன் வீட்டுக் கல்யாணம்’ என்று போடலாமா என்று பார்க்கிறேன். லைசென்ஸ் விஷயம் சுத்தமாகத் தெரியாது, ஹால்காரருக்கு இப்போதுதான் மெயில் போட்டேன்.