கட்-ஆஃபுக்கு முந்தைய இரவு: சரக்கு அனுப்பியவர்களின் அனுபவங்கள்

நொய்யல்கரை:

அவசரச் சரக்கை அனுப்பிவிட்டு அவதிப்பட்ட கதை இங்கே எல்லோரிடமும் ஒன்றாவது இருக்கும். என்னுடையதை முதலில் எழுதிவிடுகிறேன்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்துக்கொள்பவன் நான். 2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மாலை, 600 அட்டைப்பெட்டிகளை ஏற்றிய நாற்பதடிக் கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது. எல்லாம் குழந்தைகளுக்கான உடுப்பு; ஒவ்வொன்றும் பிளாஸ்டிக் ஹேங்கரோடு. தூத்துக்குடியிலிருந்து ஃபீடர் என்கிற சிறு கப்பலில் கொழும்பு, அங்கே பெரிய தாய்க்கப்பல், பிறகு செங்கடல், சூயஸ், ஐரோப்பா. எங்கள் ஊரில் டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரிந்த பாதை. செவ்வாய் மதியம் கட்-ஆஃப், அதாவது துறைமுகத்தில் சரக்கை ஒப்படைக்கக் கடைசி நேரம். தென்மாவட்டங்களில் மழை என்றார்கள். ஒரு நாள் கையில் இருக்கிறதே என்று அனுப்பிவிட்டேன்.

அந்த மழை எப்படிப்பட்டது என்று தெற்கத்திக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திங்கள் விடியற்காலையில் டிரைவர் அழைத்தார். “முன்னால் தண்ணீர், பின்னால் லாரிகள். நான் நடுவில் நிற்கிறேன், சார்” என்றார். மணிக்கு ஒருமுறை வெள்ளத்தின் உயரத்தைச் சக்கரத்தை வைத்தே சொன்னார்: முதலில் டயரின் ரப்பர், பிறகு ரிம், பிறகு போல்ட். போல்ட்டுக்கு மேல் ஏறினால் என்ன செய்வது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. ஏறவில்லை. ஆனால் நான்கு நாட்கள் அங்கேயே நின்றார். அவரிடம் இருந்தவை ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் அரைக்கிலோ வெங்காயமும். நான் ஷிப்பிங் பில் என்கிற சுங்க ஆவணத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன் என்று பிற்பாடு சிரித்துக்கொண்டேதான் சொன்னார். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பிடித்து வைத்திருந்த கப்பல் இடம் போயிற்று. அதே நாட்களில்தான் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதலுக்குப் பயந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் செங்கடலைத் தவிர்க்கத் தொடங்கின. இனி ஆப்பிரிக்காவின் தென்கோடியில் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் போக வேண்டும். பத்து முதல் பதினான்கு நாட்கள் கூடும்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் ஒப்பந்தம் எஃப்.ஓ.பி. சரக்கு கப்பலில் ஏறும்வரை பொறுப்பு எங்களுடையது, ஏறியபின் வாங்குபவருடையது. அவர் கப்பல் ஒரு கண்டத்தையே சுற்றிக்கொண்டு தாமதமானால் அது அவருடைய பாடு. என் லாரி சில கிலோமீட்டர் தண்ணீரைக் கடக்க முடியாமல் நின்றதற்கு நான்தான் தண்டம் கட்ட வேண்டும். “180 பெட்டிகளை உங்கள் செலவில் விமானத்தில் அனுப்புங்கள்” என்று மின்னஞ்சல் வந்தது.

விமானச் சரக்கில் எடை, கன அளவு, இவற்றில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. எங்கள் பெட்டி 60, 40, 40 சென்டிமீட்டர். பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 16 கிலோ. தராசில் வைத்தால் 12 கிலோதான். ஆக 180 பெட்டிகளில் 720 கிலோ காற்றுக்கு வாடகை கட்டினேன். அந்தக் காற்று முழுவதும் ஹேங்கரின் உபயம்.

பச்சைத்தார்:

உங்கள் டிரைவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, நண்பரே. எனக்கு மழையும் இல்லை, போரும் இல்லை. ஒரு கோடு.

தேனிப் பக்கம் ஜி-9 ரக வாழை அனுப்புகிறோம், வளைகுடா நாடுகளுக்கு. காயாக வெட்டி, சீப்புச் சீப்பாகக் கழுவி, பெட்டியில் அடுக்கி, குளிர்பதனக் கண்டெய்னரில் ஏற்ற வேண்டும். உள்ளே 13.5 டிகிரி. அதற்குக் கீழே இறங்கினால் தோல் சாம்பல் பூத்துவிடும். அப்புறம் எத்தனை நாள் வைத்தாலும் ஒழுங்காகப் பழுக்காது. மேலே போனால் கடலிலேயே பழுத்துவிடும்.

அன்றைக்கு வந்த கண்டெய்னரின் கதவைத் திறந்ததும் உதவிக்கு இருந்த பையன், “அண்ணா, சுவரெல்லாம் ஐஸ்” என்றான். முன்பக்கம் ஓடிப்போய்த் திரையைப் பார்த்தேன். மைனஸ் 13.5. நான் அனுப்பிய முன்பதிவுக் கடிதத்தில் “வெப்பநிலை - 13.5” என்று எழுதியிருந்தேன். சொல்லுக்கும் எண்ணுக்கும் நடுவே அழகுக்குப் போட்ட கோடு அது. கண்டெய்னர் யார்டில் இருந்தவர் அதை மைனஸ் என்று படித்திருக்கிறார். மீன் அனுப்புகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண். அவரைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை.

கதவைத் திறந்துபோட்டு ஐஸ் உருகி, தண்ணீரைத் துடைத்து, மறுபடியும் சரியான குளிருக்குக் கொண்டுவர நள்ளிரவு ஆயிற்று. அதுவரை வெட்டிய காய்களுக்கு ஈரச்சாக்கு போட்டுக் காவல் காத்தோம். கப்பலைப் பிடித்துவிட்டோம், அரை மணி நேர இடைவெளியில். இப்போதெல்லாம் “பிளஸ் பதின்மூன்றரை” என்று எழுத்தால் எழுதுகிறேன். கப்பலில் இடம் பிடித்துத் தரும் ஃபார்வர்டர் அலுவலகத்தில் கேலி செய்கிறார்கள். செய்துகொள்ளட்டும்.

110 நிமிடம்:

உங்களுக்கெல்லாம் நாள் கணக்கு. எங்களுக்கு நிமிடக் கணக்கு.

புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேன் பிரிவில் வேலை செய்கிறேன். அதற்கான மருந்தில் இருக்கும் ஃப்ளோரின்-18 என்கிற கதிரியக்கப் பொருள், 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். எங்கள் ஊரில் அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இல்லை. காரில் நான்கு மணி நேரத் தொலைவிலிருந்து வருகிறது. வந்து சேரும்போது கால்வாசிகூட மிஞ்சாது. ஆகவே தேவையைப்போல் நான்கரை மடங்கு ஏற்றி அனுப்புகிறார்கள். மருந்து சில மில்லிலிட்டர்தான். அதைச் சுமக்கும் ஈயப்பெட்டியை ஒரு கையால் தூக்க முடியாது.

ஒரு நாள் சுங்கச்சாவடியில் வண்டி நின்றுவிட்டது. ஃபாஸ்டாக் கணக்கில் பணம் இல்லை. பெட்டியில் ஒட்டியிருந்த மஞ்சள் கதிர்வீச்சுச் சின்னத்தைப் பார்த்துவிட்டு ஓர் ஊழியர் மேலதிகாரியைக் கூப்பிட, அவர் தாள்களை ஒவ்வொன்றாகப் படிக்க, 40 நிமிடம் போயிற்று. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மருந்து அங்கேயே கரைந்தது. அன்று ஐந்து பேர் காத்திருந்தார்கள். நால்வருக்குத்தான் போதுமானதாக இருந்தது. ஐந்தாவது ஒரு பாட்டி, முந்தைய இரவிலிருந்து பட்டினி. நாளை வரச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. “அப்படியானால் இப்போது காப்பி குடிக்கலாமா, தம்பி?” என்று மட்டும் கேட்டார்.

பின்சக்கரம்:

காற்றாலை இறக்கைகளைச் சென்னைப் பக்கத்திலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கொண்டுபோகும் அணியில் இருந்தேன். ஒரு இறக்கை 80 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. முன்னால் இழுப்பவர் ஒருவர். பின்சக்கரங்களைத் திருப்ப இன்னொருவர், அதாவது நான். ரவுண்டானாவில் இருவரும் வாக்கி-டாக்கியில் பேசிக்கொண்டே திருப்ப வேண்டும். மின்கம்பியைக் கழியால் தூக்கிப் பிடிக்கத் தனி ஆட்கள்.

பாதையை ஆனி மாதத்தில் அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். நாங்கள் கிளம்பியது ஆடியில். வழியில் ஒரு ஊரில் சாலையை அடைத்துத் தோரணவாயில், சீரியல் விளக்கு, இரவெல்லாம் ஊர்வலம். அம்மனை ஓரமாகப் போகச் சொல்ல எங்கள் அனுமதிக் கடிதத்தில் இடமில்லை. மூன்று இரவுகள் நின்றோம். கூழுக்குக் குறைவில்லை.

பச்சைத்தார்:

நொய்யல்கரை அண்ணா, மீதி 420 பெட்டிகள் என்னாயின?

நொய்யல்கரை:

ஜனவரியில் கப்பல் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பிப்ரவரி கடைசியில் போய்ச் சேர்ந்தன. விமானத்தில் போன 180-இல் இரண்டு அளவுகள்தான் இருந்தன. மற்ற அளவுகளும் வந்தால்தான் கடைகளுக்குப் பிரித்து அனுப்புவோம் என்று அவர்களுடைய கிடங்கில் அவற்றைத் திறக்காமலே அடுக்கி வைத்திருந்தார்கள். மார்ச்சில்தான் எனக்குத் தெரியவந்தது. கிடங்கு வாடகை எவ்வளவு என்று கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அனுப்பவில்லை.