வேலுத்தம்பி தளவாயைப் பற்றிப் பேச வேண்டும்: எந்த வேலுத்தம்பியை?

எல்லையோரத்தான் (பாறசாலை):

எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் மலையாளத்தில் பேச ஆள் ஏராளம். தமிழில் ஒருவர் பேசட்டும் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். தலைப்பு வேலுத்தம்பி தளவாய், அதாவது பழைய திருவிதாங்கூர் ராஜ்யத்தின் முதன்மை மந்திரி. பத்து நிமிடம்.

மகனின் பாடப்புத்தகத்தில் அவர் வெள்ளைக்காரனை எதிர்த்து உயிர்விட்ட வீரர். திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலக வளாகத்தில் சிலை இருக்கிறது. தோவாளைப் பக்கம் பிறந்த என் அம்மாவோ அந்தப் பேரை எடுத்தாலே, "விரலை வெட்டுன தளவாயா?" என்கிறாள். இரண்டும் ஒரே ஆள்தானா? வெள்ளைக்காரனை எதிர்க்க அவர் மக்களைக் கூப்பிட்ட குண்டறை அறிக்கையை மட்டும் முழங்கிவிட்டு இறங்கினால் கைதட்டல் நிச்சயம். ஆனால் முன்வரிசையில் அம்மா இருப்பாள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தோவாளைக்காரர்:

தம்பி, ஒரே ஆள்தான். நான் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் என் கண்ணில் முதலில் படுவது அவர் பார்த்த உத்தியோகம். இரணியலில் காரியக்காரர், இன்றைய கணக்கில் தாசில்தார்.

1798இல் பாலராம வர்மா திருவிதாங்கூர் பட்டத்துக்கு வந்தபோது வயது பதினாறுதான். முதன்மை மந்திரியாக (திவான்) இருந்த ராஜா கேசவதாசை ஓரங்கட்டிவிட்டு ஜயந்தன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, தச்சில் மாத்து தரகன் மூவரும் அரண்மனையைப் பிடித்துக்கொண்டார்கள். கஜானா காலி. காரியக்காரர்களைக் கூப்பிட்டு, ஆளுக்கு இவ்வளவு கொண்டுவா என்று தொகை வைத்தார்கள். மேலே இருப்பவன் தொகை வைத்தால் கீழே அது யார் வீட்டுப் பத்தாயத்திலிருந்து வரும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டாம். வேலுத்தம்பி மூன்று நாள் தவணை கேட்டுக்கொண்டு ஊருக்கு வந்தார். வந்து ஆள் திரட்டினார். 1799இல் அந்தக் கூட்டம் திருவனந்தபுரம் கோட்டை வாசலில் போய் நின்றது. ஜயந்தனை நாடுகடத்த வேண்டும், மற்ற இருவருக்கும் சவுக்கடி கொடுத்துக் காதை அறுக்க வேண்டும், உப்பு வரியை எடுக்க வேண்டும். ராஜா எல்லாவற்றுக்கும் இணங்கினார். காதும் அறுபட்டது.

இதுவரை கைதட்டலுக்கு உரிய கதை. (அந்தக் காதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.)

அப்புறம் அவரே தளவாய் ஆனார். இடையில் கேசவதாசின் உறவினர்கள் கொல்லப்பட்டதில் அவர் கை இருந்ததாகத் திருவிதாங்கூர் சரித்திரம் எழுதியவர்களே எழுதியிருக்கிறார்கள். பதவிக்கு வந்தபின் ஊர் ஊராகப் போனார். போன இடத்திலேயே விசாரணை, அங்கேயே தண்டனை. காது போகும், மூக்கு போகும். ஆணியடித்து மரத்தில் தொங்கவிட்டதும் உண்டு. லஞ்சம் அடங்கியது, கஜானா தேறியது. அதையும் மறைக்காதே.

உன் அம்மா சொல்லும் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். தளவாயின் தாயாருக்கு நிலக்கணக்கில் சலுகை காட்டினானாம் ஒரு கணக்கன், அவன் விரலை வெட்டினாராம். சொல்கிறவர்கள் நேர்மைக்குச் சான்றாகத்தான் சொல்வார்கள். எனக்கு அந்தக் கணக்கன்தான் ஞாபகத்துக்கு வருவான். தளவாயின் தாயாருக்குச் சலுகை காட்டாவிட்டால் என்ன ஆகுமோ என்று அவன் பயந்திருக்க மாட்டானா? அந்தப் பயத்தை உண்டாக்கியவர் யார்?

1804இல் நாயர் பட்டாளத்தின் படிப்பணத்தில் கை வைத்தார். ஆலப்புழையில் சிப்பாய்கள் கிளம்பினார்கள், பத்தாயிரம் பேர் என்பார்கள். தலைநகரை நோக்கி நடந்தார்கள். கோரிக்கை, தளவாயை நீக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்னால் இவர் எதைச் செய்தாரோ அதையேதான் அவர்களும் செய்தார்கள். இவர் அவர்களிடம் போய்ப் பேசவில்லை. கொச்சிக்குப் போய் கிழக்கிந்தியக் கும்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மெக்காலேயிடம் நின்றார். படை வந்தது, கலகம் அடங்கியது. தலைவர்களில் ஒருவரான கிருஷ்ண பிள்ளையின் கால்களை இரண்டு யானைகளில் கட்டி எதிரெதிர்த் திசையில் ஓட்டினார்கள். அவருக்கு எங்கும் சிலை கிடையாது.

உதவிக்குக் கும்பெனி கூலி கேட்டது. 1805 ஜனவரியில் புது உடன்படிக்கை. வருடத்துக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், உள்நாட்டு நிர்வாகத்திலும் கும்பெனி சொல்படி கேட்க வேண்டும். பணம் பாக்கி விழ விழ மெக்காலே நெருக்கினான். காது போன தரகனின் சொத்து விவகாரத்தில்கூடத் தலையிட்டான். 1808 டிசம்பர் 28 இரவு கொச்சியில் அவன் இருந்த மாளிகையைத் தாக்கினார்கள், ஆள் தப்பிவிட்டான். 1809 ஜனவரி 11 குண்டறை அறிக்கை. அங்கிருந்து உன் மகனின் பாடப்புத்தகம் தொடங்குகிறது.

இரணியல்காரி:

அண்ணாச்சி நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் கலகம் என்றாலே 'மக்கள்' என்று எழுதிவிடுகிறோமே, எந்த மக்கள்? குண்டறை அறிக்கையில், கும்பெனி உப்பைத் தனக்கே வைத்துக்கொள்ளும், தென்னந்தோப்பை எல்லாம் அளந்து வரி போடும் என்ற பகுதியை மேடையில் படிப்பார்கள். சாதி கலந்துபோகும், பிராமணப் பெண்களுக்கு ஆபத்து என்று பயமுறுத்தும் பகுதி வந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்கள். என் முன்னோர் பனையேறிகள். தலைவரி கட்டியவர்கள். எங்கள் பெண்கள் மேலே ஒரு துணி போட 1859 வரைக்கும் அடி வாங்கியிருக்கிறார்கள். தளவாய் ஜெயித்திருந்தால் எங்களுக்கு என்ன கிடைத்திருக்கும்?

அதற்காகக் கும்பெனிக்குக் கும்பிடு போடச் சொல்லவில்லை. 1811இல் மெக்காலேக்குப் பின் வந்த மன்றோ ரெசிடென்டாகவும் திவானாகவும் தானே உட்கார்ந்துகொண்டார். கணக்குக் கேட்க வேண்டியவரும் அவரே, கொடுக்க வேண்டியவரும் அவரே. விரலை வெட்டாமல் காகிதத்தில் நடக்கிற கொள்ளை அது.

மார்த்தாண்டம் மாணவன்:

எல்லாம் சரி. அதிகாரம் அவரைக் கெடுத்துவிட்டது என்றால், மெக்காலேக்குத் தலையாட்டிக்கொண்டு பதவியில் இருந்திருக்கலாமே? தோற்று ஓடி மண்ணடி பகவதி கோவிலில் சாக வேண்டிய அவசியம் என்ன? செத்த பிறகும் உடலைத் திருவனந்தபுரம் கொண்டுபோய்க் கண்ணம்மூலையில் தொங்கவிட்டார்கள். கவர்னர் ஜெனரல் மின்டோவே அதைக் கண்டித்தார். கடைசி மூன்று மாதத்தையாவது அவருக்குக் கொடுங்கள்.

தோவாளைக்காரர்:

கொடுக்கிறேன் மக்களே, யார் இல்லை என்றார்? ஆனால் அவர் தலையாட்டவே இல்லை என்று சொல்லாதே. நாலு வருடம் ஆட்டினார். மெக்காலே அவரையே நீக்கச் சொன்ன பிறகுதான் வாள் வெளியே வந்தது. வீரம் பொய்யில்லை, வந்த நேரம் பிந்திவிட்டது. சிப்பாய்களை யானைக்குக் கொடுத்துவிட்டு, அதே சிப்பாய்களின் ஊர்க்காரர்களைக் குண்டறையில் கூப்பிட்டார். கூட்டம் வந்தது, அது அவர்கள் பெருந்தன்மை. அதற்குள் எல்லையில் செயின்ட் லெஜர் தலைமையில் கும்பெனிப் படை வந்துவிட்டது. ஆரல்வாய்மொழியில் இரவோடு இரவாகத் தென்பக்க மலையில் ஏறி, பிப்ரவரி 10 காலைக்குள் கோட்டையைப் பிடித்துவிட்டார்கள். காற்றாலைகளுக்கு நடுவே அந்தச் சுவரின் மிச்சத்தை இப்போதும் பார்க்கலாம்.

இன்னொன்று. அவரை மண்ணடி வரை துரத்த ஆள் விட்டது வெள்ளைக்காரன் மட்டுமில்லை. அடுத்த தளவாய் உம்மிணித் தம்பியும்தான். பாறசாலைக்காரருக்குப் பக்கத்திலேயே இருக்கிற பாலராமபுரம் அவர் உண்டாக்கிய நெசவு ஊர். நல்ல ஊர்தான். அவரையும் இரண்டு வருடத்தில் மன்றோ கழற்றிவிட்டார்.

எல்லையோரத்தான்:

எல்லாருக்கும் நன்றி. கிருஷ்ண பிள்ளையில் ஆரம்பித்து, அக்கா சொன்ன சாதிப் பகுதியையும் அப்படியே வாசிக்கப் போகிறேன். இன்று காலை செயலாளரிடம் லேசாகச் சொன்னேன். "பார்த்துப் பேசுங்க, நன்கொடை தருகிறவர்கள் வருகிறார்கள்" என்றார். பத்து நிமிடம் இப்போது ஏழு ஆகிவிட்டது.

இரணியல்காரி:

ஏழு போதும். குண்டறையைச் சுருக்குங்கள், அது எல்லாருக்கும் மனப்பாடம். யானையையும் தலைவரியையும் விடாதீர்கள். எந்தத் தேதி என்று போடுங்கள், நானும் வருகிறேன்.