மியூட்டில் இருந்த மைக்: ஆய்வுப் பணி கைமாறிய அனுபவங்கள்

கண்ணாடிக்குப்பின்:
2006இல் யூசபிலிட்டி அனலிஸ்டாக, அதாவது மென்பொருளைப் பயன்படுத்துவோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்று கவனிப்பவளாகச் சேர்ந்து, ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் குறிப்பெடுத்தே பல ஆண்டுகளைக் கழித்தவள் நான். பிறகு பதவியின் பெயர் யூஎக்ஸ் (பயனர் அனுபவ) ரிசர்ச்சர் ஆனது, 2020இல் அந்த அறையே ஜூம் அழைப்பானது. இங்குள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 ஆட்குறைப்பில் எங்கள் குழுவில் ஆறு பேர் இரண்டு பேரானோம். இனி மென்பொருளில் என்ன இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் புராடக்ட் மேனேஜர்களே பயனர்களிடம் நேர்காணல் எடுப்பார்கள், நீங்கள் பயிற்சி கொடுத்தால் போதும் என்றார்கள். அவர்களுடைய முதல் அமர்வில் என் மைக் மியூட்டில் இருந்தது. ஓய்வூதியப் படிவத்தை நிரப்பிப் பார்த்த ஓர் அம்மையாரின் அம்புக்குறி, 'சமர்ப்பி' பொத்தானைச் சுற்றிச் சுற்றி வந்து, அழுத்தாமலேயே விலகியது. நடத்தியவரோ, "எளிதாக இருக்கிறது, இல்லையா அம்மா?" என்றார். "ஆமாம் தம்பி" என்று பதில் வந்தது. அறிக்கையில் 'எளிது' என்று ஏறியது. மியூட்டை எடுக்க விரல் போனது, எடுக்கவில்லை.

ஐந்தாம்பயனர்:
நான் டெஸ்டிங்கிலிருந்து ஆய்வுக்கு வந்து, இன்று புராடக்ட் டிசைனர் என்ற பெயரில் இரண்டு வேலையையும் பார்க்கிறேன். என் கதை அவ்வளவே. ஆனால் மேலே எழுதியவரோடு எனக்கு உடன்பாடில்லை, ஏனெனில் இந்தக் கைமாற்றத்தில் நமக்கும் பங்குண்டு. ஐந்து பேரிடம் சோதித்தால் போதும் என்று யூசபிலிட்டி வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000இல் ஒரு கட்டுரையில் எழுதியதை நாம்தான் கூட்டத்துக்குக் கூட்டம் ஓதினோம். ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு சிக்கல்களைக் காட்டுவார் என்ற கணக்கில்தான் ஐந்து பேருக்கு 85 விழுக்காடு வருகிறது. பதினைந்து பேர் கிடைத்தால் அவர்களை மூன்று சோதனைகளாகப் பிரித்து, இடையிடையே வடிவமைப்பைத் திருத்தச் சொன்னதும் அதே கட்டுரைதான். அந்தப் பாதியை நாம் சொல்லவேயில்லை. ஐந்து பேரைப் பார்க்கும் ஒரு நாள் வேலைக்குத் தனி ஆள் எதற்கு என்று நிர்வாகத்தினர் நினைத்ததில் வியப்பென்ன?

மூன்றாம்அட்டை:
என் மூன்றாவது விசிட்டிங் கார்டைப் பார்த்து, "நீ என்னதான் வேலை பார்க்கிறாய்?" என்று அப்பா கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. கண்ணாடிக்குப்பின் அவர்களுக்கு ஒரு யோசனை: தரவுத்தளத்திலிருந்து விவரங்களை எடுக்க உதவும் எஸ்க்யூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தனை பேர் அந்தப் பொத்தான்வரை வந்து திரும்பினார்கள் என்ற எண்ணிக்கையை முதலில் வைத்துவிட்டு, பிறகு காணொளியைக் காட்டினால் மேலாளர்கள் காதுகொடுப்பார்கள். மேனேஜர்களுக்குத் தரும் கேள்வித்தாளில் 'இல்லையா' என்று முடிபவற்றை எல்லாம் அடித்துவிடுங்கள். ரிசர்ச் ஆப்ஸ் என்னும் ஆய்வு ஏற்பாட்டு வேலைப் பக்கமும் பார்க்கலாம். பங்கேற்பாளர்களைத் திரட்டுவது, ஒப்புதல் பெறுவது, பதிவுகளைப் பாதுகாப்பது ஆகியவற்றுக்கு ஆள் தேவைப்படுகிறது.

கண்ணாடிக்குப்பின்:
எஸ்க்யூஎல் எனக்குத் தெரியும் ஐயா, நான் அதைக் கேட்கவில்லை. ஒன்றை எழுத விட்டுவிட்டேன்: அழைப்பு முடியும்போது அந்த அம்மையார், "நான் ஏதாவது தப்பாகச் செய்துவிட்டேனா தம்பி?" என்று கேட்டார். "இல்லையம்மா, எல்லாம் சரி" என்று சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள்.