அபர்டீன்ஷயர் எள்ளுத்தாத்தாவின் அப்பா யார்? ஞானஸ்நானப் பதிவு கிடைக்கவில்லை

மழைக்குருவி:
என் கணவர் ஸ்காட்லாந்துக்காரர். அவருடைய எள்ளுத்தாத்தா அபர்டீன்ஷயரில் பண்ணையாள். 1881 கணக்கெடுப்பில் வயது 43, பிறந்த ஊர் டரிஃப். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற ஸ்காட்லாந்து அரசு வம்சாவளித் தளத்தில் டரிஃப் சபையின் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பழைய ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பெயரே இல்லை. ஆண்டை முன்னே பின்னே தள்ளியும் பார்த்தாச்சு. மாமியாருக்கு அந்த எள்ளுத்தாத்தாவின் அப்பா பெயர் தெரிஞ்சே ஆகணுமாம். வேற எங்கே தேடலாம்?

பழைய ஏடு:
பிறப்பை விடுங்க, கல்யாணத்தைப் பிடிங்க. 1855 ஜனவரி 1 முதல் அங்கே அரசுப் பதிவு. கல்யாணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் பெற்றோர் இருவர் பெயரும் வரும், அம்மாவின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் உட்பட. இறப்பை யாரோ வந்து சொல்லியிருப்பாங்க. கல்யாணத்துக்கு அவரே சொன்னது. அதனால் எனக்கு அதில்தான் நம்பிக்கை.

குளிர்நாட்டான்:
பண்ணையாட்கள் ஆறு மாசத்துக்கு ஒரு பண்ணை மாறுவாங்க. பக்கத்துச் சபைகளையும் பாருங்க. அந்தப் பக்கம் எபிஸ்கோப்பல் சபை என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவும் உண்டு, அதற்குத் தனிப் பதிவேடு.

மழைக்குருவி:
கல்யாணப் பதிவு கிடைச்சது, 1862. அம்மா பெயர் இருக்கு, வீட்டு வேலை செய்தவங்க. அப்பா இடம் காலி!

பழைய ஏடு:
அப்போ கல்யாணம் ஆகாத தாய்க்குப் பிறந்த பிள்ளையா இருக்கலாம். வடகிழக்கு ஸ்காட்லாந்தின் பண்ணைப் பகுதிகளில் அன்று இது சர்வசாதாரணம், மாமியாரைச் சமாதானப்படுத்துங்க. இனி அம்மாவின் குடும்பப் பெயரில் தேடுங்க. அடுத்தது கிர்க் செஷன், அதாவது சபை மூப்பர் மன்றம். கர்ப்பமான பெண்ணைக் கூப்பிட்டு அப்பா யார் என்று கேட்பாங்க. அவள் சொன்ன ஆளையும் வரவழைப்பாங்க. ஒப்புக்கொண்டாலும் மறுத்தாலும் குறிப்பேட்டில் ஏறும். அந்தப் பக்கங்களின் படங்கள் அதே தளத்தில் இருக்கு. ஆனால் பெயர் போட்டுத் தேட முடியாது, பக்கம் பக்கமாகப் படிக்கணும். 1837 கடைசியிலிருந்து ஆரம்பிங்க.

குளிர்நாட்டான்:
கர்ப்பமா இருந்தப்போ அவங்க எந்தச் சபையில் இருந்தாங்களோ அந்தக் குறிப்பேடு. டரிஃபாகத்தான் இருக்கணும் என்றில்லை. 1841 கணக்கெடுப்பில் உறவுமுறை எழுத மாட்டாங்க, பெரியவங்க வயசையும் பொதுவா ஐந்தின் மடங்குக்குக் குறைச்சிருப்பாங்க. 1851-ஐயும் சேர்த்துப் பாருங்க, அதில் உறவும் பிறந்த சபையும் உண்டு.

மழைக்குருவி:
அம்மா பெயரில் தேடினதும் மாட்டிச்சு! 1841-ல் பக்கத்துக் கிங் எட்வர்ட் சபையில், மூணு வயசுப் பையன். 1851-ல் அதே வீட்டில் ‘பேரன்’ என்றே இருக்கு. கிங் எட்வர்ட் குறிப்பேட்டைத் திறந்தேன், கையெழுத்து ஒரே கோழிக் கிறுக்கல்.

பழைய ஏடு:
புரியாத வரியை இங்கே போடுங்கம்மா, சேர்ந்து படிப்போம்.